கையோடு வந்த பூட்டு

மாமா கிரில் கேட்டின் பூட்டில் சாவியை நுழைத்தார். சாவி திரும்பவில்லை. பூட்டு கையோடு வந்துவிட்டது, நாதாங்கியும் சேர்ந்து. நாதாங்கியை ஏற்கெனவே நெம்பிப் பிடுங்கியிருக்கிறார்கள். தெருவிலிருந்து பார்ப்பவருக்குப் பூட்டியது போலவே தெரியட்டும் என்று அதே இடத்தில் ஒட்டவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். போயிருக்கிறார்கள் என்றா சொன்னேன்? உள்ளேதான் இருந்தார்கள்.

இது என் அக்கா வீட்டில் நடந்தது. நான் தருமபுரியில் வக்கீல். திருட்டு வழக்குகளில் இரண்டு பக்கமும் நின்று பேசியிருக்கிறேன். ஆனால் ஒரு திருட்டை முதல் நிமிடத்திலிருந்து நகை திரும்பி வரும் நாள்வரை கூடவே இருந்து பார்த்தது இந்த ஒரு முறைதான். பெயர்களையும் தெருவையும் மட்டும் விட்டுவிட்டு மற்றதை உள்ளபடி எழுதுகிறேன்.

வீடும் இரவும்

பென்னாகரம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குள் வந்த மனைப்பிரிவு. வரிசையாக வீடுகள் கிடையாது. இரண்டு வீடு, நான்கு காலி மனை, மறுபடி ஒரு வீடு. காலி மனைகளில் சீமைக்கருவேலம். அக்கா வீட்டின் பின்பக்கம் துணி துவைக்கும் இடம், ஐந்தடிச் சுற்றுச்சுவர், அதற்கு அப்பால் முள்காடும் பாழடைந்த ஒரு போர்வெல் ஷெட்டும். மாமா ஓய்வு பெற்ற வாத்தியார், மகன் பெங்களூரில் வேலை. வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

2025 தை மாதத் தேய்பிறை அஷ்டமி. அன்று எங்கள் ஊரில் பாதிப் பேர் அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலில்தான் இருப்பார்கள். சாம்பல் பூசணிக்காயை இரண்டாக வெட்டி எண்ணெய் ஊற்றி விளக்கேற்றும் கூட்டம் வெளியூரிலிருந்தும் வரும். யார் யார் வீடு பூட்டிக் கிடக்கும் என்று கண்டுபிடிக்க யாரும் வேவு பார்க்க வேண்டியதில்லை, காலண்டரைப் பார்த்தால் போதும். இன்னொன்றும் உண்டு. தேய்பிறை அஷ்டமியில் நிலா உதிக்கவே நள்ளிரவு ஆகிவிடும். பத்து மணிக்குக் கும்மிருட்டு. தைப் பனிக்கு எல்லாரும் ஜன்னலைச் சாத்திவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார்கள்.

நகை ஏன் வீட்டில் இருந்தது? தை பிறந்ததும் முகூர்த்தங்கள் தொடங்கிவிடும். மாமாவின் தங்கை மகள் கல்யாணத்துக்காக பேங்க் லாக்கரிலிருந்து எடுத்தது. திரும்ப வைக்க 'நாளைக்குப் போகலாம்' என்று நான்கு நாள் ஓடிவிட்டது. எங்கள் பக்கம் நகைக்கு ஆகப் பாதுகாப்பான இடம் அடகுக் கடைதான் என்று கோர்ட்டில் வேடிக்கையாகச் சொல்வோம். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

பத்து மணி இருபத்தொரு நிமிடம்

எதிர்வீட்டுக்காரர் தன் காரைக் காப்பாற்ற ஒரு கேமரா மாட்டியிருந்தார். அதன் ஓரத்தில் அக்கா வீட்டு கேட் விழும். அந்தப் பதிவிலிருந்து எடுத்த நேரங்கள் இவை: 8.40-க்கு அக்காவும் மாமாவும் ஸ்கூட்டரில் கிளம்புகிறார்கள். 9.52-க்கு ஒரு பைக் மெதுவாகக் கடந்து போகிறது. 9.58-க்கு சிட்அவுட் விளக்கு அணைகிறது. 10.21-க்கு ஸ்கூட்டர் திரும்புகிறது.

10.21-க்கும் பூட்டு கையில் வந்த 10.23-க்கும் நடுவே இருந்த இரண்டு நிமிடத்தைத்தான் நான் அவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டேன். தெருமுனையில் எப்போதும் ஸ்கூட்டரின் பின்னாலேயே ஓடிவரும் நாய் அன்று வரவில்லை. காலி மனையில் எதையோ தின்றுகொண்டிருந்தது. "யாரோ சோறு போட்டிருக்காங்க" என்றாள் அக்கா. போர்வெல் ஷெட் ஓரம் ஒரு பைக், நம்பர் பிளேட்டில் சேறு, முகம் சாலையைப் பார்த்து. "தண்ணி போட வந்த பசங்களா இருக்கும்" என்றார் மாமா. சிட்அவுட் விளக்கு எரியவில்லை. "பல்பு போயிடுச்சு போல." கேட்டின் கொக்கி வெளிப்பக்கமாகப் போட்டிருந்தது. அக்கா எப்போதும் உள்பக்கம் கை விட்டுத்தான் போடுவாள். அதையும் பார்த்தாள். "அவசரத்துல மாத்திப் போட்டிருப்பேன்."

நான்கு விஷயம், நான்குக்கும் பதில் தயார். தனித்தனியாகப் பார்த்தால் நான்கு பதிலும் நியாயமானதுதான். தன் வீட்டு வாசலில் நிற்பவருக்கு வீடு என்பது ஆபத்து முடிகிற இடம், தொடங்குகிற இடமாக அதை மனம் எடுத்துக்கொள்ளாது. கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் 'இவ்வளவையும் பார்த்துவிட்டு ஏன் உள்ளே போனீர்கள்' என்று கேட்பார். கேட்கிறவர் தன் வீட்டு பல்பு எரியாத அன்று என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும்.

சரி, பூட்டு கையில் வந்தது. மாமா கிரில்லைத் தாண்டி மரக்கதவைத் தள்ளினார். பூட்டு உடைந்திருந்தும் கதவு திறக்கவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தார்கள். வீட்டுக்காரர் திடீரென்று வந்துவிட்டால் பின்வழியாகப் போக அவகாசம் வேண்டுமே, அதற்கு. பூட்டிவிட்டுப் போன வீடு உள்ளே தாழிட்டிருந்தால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான், ஆனால் மாமா அதையும் "கதவு உப்பியிருக்கு" என்று தோளால் ஒரு இடி இடித்திருக்கிறார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. பீரோவின் உள்லாக்கர் கதவு. இருபத்தெட்டு வருடப் பழைய பீரோ. லாக்கர் கதவின் கீல் இறங்கிப் போய், ஒரு கையால் தூக்கிப் பிடித்தால்தான் சத்தமில்லாமல் திறக்கும். தூக்காமல் இழுத்தால் தகரத்தில் ஆணியால் கீறியது போல ஒரு கிறீச்சல். "அந்தச் சத்தம் கேட்டதும் எனக்குப் புரிஞ்சிடுச்சு தம்பி. தூக்கித் திறக்கத் தெரியாத ஆளு யாரோ பீரோ முன்னாடி நிக்கிறான்" என்றாள் அக்கா.

அவர்கள் சரியாகச் செய்ததும் தப்பாகச் செய்ததும்

அக்கா கத்தவில்லை. மாமாவின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள். மாமா அசையவில்லை. அவருக்கு வேறொரு யோசனை வந்துவிட்டது: ஸ்கூட்டர் டிக்கியில் ஒரு சங்கிலிப் பூட்டு இருக்கிறது, கிரில்லை வெளியிலிருந்து பூட்டிவிட்டால் உள்ளே இருப்பவன் மாட்டிக்கொள்வான். எங்கள் ஊரில் இது பெரிய வீரம். 'உள்ளே வெச்சுப் பூட்டிப் பிடிச்சுட்டான்' என்று பத்து வருடம் பேசுவார்கள்.

"ஏங்க, போறவன் போகட்டும், நீங்க வாங்க" என்று அக்கா காதோடு சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னதுதான் சரி. பின்கதவு ஏற்கெனவே திறந்திருந்தது அவர்கள் இருவருக்கும் தெரியாது. பின்வழி இல்லாத வீடாக இருந்து, முன்வழியையும் அடைத்திருந்தால், கையில் கடப்பாறை வைத்திருப்பவனுக்கு மிஞ்சுவது மாமா நிற்கிற வாசல் மட்டும்தான். திருட வந்தவன் முதலில் தேடுவது நகையை, அகப்படுவோம் என்று தெரிந்த நொடியில் தேடுவது வழியை. அந்த வழியில் நாம் நிற்கக் கூடாது.

இருவரும் எதிர்வீட்டுக்குப் போனார்கள். 10.25-க்கு எதிர்வீட்டுக்காரர் 112-க்கு அடித்தார். சாலைப் பெயர், அடையாளமாகத் தண்ணீர்த் தொட்டி, 'ஆள் இன்னும் உள்ளே இருக்கிறான்' என்ற தகவல், மூன்றையும் ஒழுங்காகச் சொல்லியிருக்கிறார். 'திருட்டு நடந்துவிட்டது' என்பதற்கும் 'திருடன் உள்ளே இருக்கிறான்' என்பதற்கும் ரோந்து வண்டியின் வேகத்தில் வித்தியாசம் உண்டு.

இதுவரை நன்றாகத்தான் போனது. 10.27-க்கு மாமாவால் பொறுக்க முடியவில்லை. தெருவில் நின்று, வகுப்பறைக் குரலில், "யார்ரா அது உள்ளே!" என்றார். தெருவே விழித்துக்கொண்டது, வீட்டின் பின்பக்கமும். இரண்டு பேர் சுவர் ஏறிக் குதித்து ஷெட் பக்கம் ஓடினார்கள். எதிர்வீட்டுப் பையன், காலேஜ் படிக்கிறவன், யாரையும் கேட்காமல் பைக்கை எடுத்துக்கொண்டு காலி மனைக்குள் விட்டான். இருட்டிலிருந்து ஒரு கல் வந்தது. புருவத்துக்கு மேலே, நான்கு தையல். ஒரு அங்குலம் கீழே பட்டிருந்தால் கண்.

ரோந்து வண்டி வந்தபோது 10.39. கூப்பிட்டு பதினாலு நிமிடம். எங்கள் சாலைக்கு அது மோசமில்லை.

உதவிக்கு வந்தவர்கள்

நான் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. வீட்டுக்குள் கால் வைத்ததும் இருமல். மிளகாய்ப்பொடி. மோப்ப நாய் வந்தால் வாசம் பிடிக்காமல் இருக்க, படுக்கையறையிலிருந்து பின்கதவுவரை தூவியிருந்தார்கள். கொண்டுவந்தது கூட இல்லை, அக்கா அந்த வாரம்தான் அரைத்து வைத்திருந்த பொடி. சமையலறையில் அரிசி டிரம் கவிழ்ந்து கிடந்தது, பருப்பு டப்பாக்கள் ஒவ்வொன்றாகத் திறந்திருந்தன. அரிசிக்குள் நகை வைக்கும் வழக்கம் நமக்குத் தெரிந்த அளவு அவர்களுக்கும் தெரியும்.

படுக்கையறையில் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் கலைந்து கிடந்த பட்டுப்புடவைகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பீரோ கதவைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார், பொடி படிந்திருக்கிறதாம். யாரோ ஃபேன் போட்டுவிட்டிருந்தார்கள். ஒருவர் மீது கூட எனக்குக் கோபம் வரவில்லை. துக்க வீட்டில் பாத்திரம் தேய்த்துக் கொடுப்பதைப் போலத்தான் அவர்கள் அதைச் செய்தார்கள். ஆனால் அந்த வீட்டில் கைரேகை நன்றாகப் பதியக்கூடிய இடமே அந்த பீரோவின் வழவழப்பான தகரம்தான். சிமெண்ட் சுவரிலும் சொரசொரப்பான மரத்திலும் அவ்வளவு எளிதாகக் கிடைக்காது.

மறுநாள் காலை கைரேகைப் பிரிவினர் வந்து பொடி தூவிப் பார்த்தார்கள். பீரோ வெளிப்பக்கம் ஒன்றும் தேறவில்லை. தேறியது எங்கே தெரியுமா? அந்த உள்லாக்கர் கதவின் அடிவிளிம்பில். இழுத்துப் பார்த்துத் திறக்காமல், கடைசியில் அவனும் ஒரு கையால் தூக்கியிருக்கிறான். துடைத்த அம்மாவுக்கு அந்த இடம் எட்டவில்லை. வீட்டில் இருப்பவர்களின் ரேகைகளையும் எடுத்துக்கொண்டார்கள், கழித்துப் பார்க்க வேண்டுமே. அக்கா அதற்கு ரொம்பச் சங்கடப்பட்டாள். மோப்ப நாய், பேப்பரில் எப்போதும் எழுதுவது போலவே, சாலைவரை ஓடி நின்றுவிட்டது.

புகாரை எழுதிய விதம்

2024 ஜூலை 1 முதல் பழைய ஐ.பி.சி., அதாவது இந்திய தண்டனைச் சட்டம், போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. முன்பு 457, 380-வது பிரிவுகள் என்று மனப்பாடமாகச் சொன்ன இடத்தில் இப்போது 331(4), 305. சூரியன் மறைந்தபின் உதிக்கும் முன் வீடு உடைத்துப் புகுந்தது திருடுவதற்காக என்றால் 14 ஆண்டுவரை தண்டனை, குடியிருக்கும் வீட்டில் திருடியதற்கு 7 ஆண்டுவரை. இது போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம். அதனால் 'மனு ரசீது போட்டுத் தருகிறோம், விசாரித்துவிட்டுப் பார்க்கலாம்' என்றால் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை, எஃப்.ஐ.ஆர். நகல் இலவசமாகக் கேட்டு வாங்கலாம். எங்களுக்கு அந்தச் சிக்கல் வரவில்லை, அன்றிரவே பதிந்தார்கள்.

விவாதம் வந்தது அந்தக் கல்லைப் பற்றி. இன்ஸ்பெக்டர் முதலில் அதைத் தனியாகக் காயம் விளைவித்த குற்றமாகத்தான் பார்த்தார். என் வாதம் வேறு. திருடிய பொருளை எடுத்துக்கொண்டு போவதற்காக ஒருவரைக் காயப்படுத்தினால் திருட்டு அப்போதே கொள்ளையாகிவிடுகிறது, 309-வது பிரிவு. பையைப் போட்டுவிட்டு, தான் தப்பிப்பதற்காக மட்டும் கல் எறிந்திருந்தால் அது கொள்ளை ஆகாது. ஆகவே கேள்வி ஒன்றுதான்: கல் வந்தபோது பை அவர்களிடம் இருந்ததா? பையனைக் கேட்டேன். முன்னால் ஓடியவன் தோளில் ஏதோ ஆடியது என்றான். அந்த ஒரு வாக்கியத்தைப் புகாரிலேயே எழுதவைத்தேன். மூன்று மாதம் கழித்துச் சொல்லியிருந்தால் 'வக்கீல் சொல்லிக் கொடுத்தது' என்று ஆகியிருக்கும்.

நகைக் கணக்கில்தான் வீட்டில் சண்டை. போனது ஏழரைச் சவரன், அதாவது 60 கிராம், அப்புறம் ரொக்கம் 18,000 ரூபாய். உறவினர் ஒருவர், "பதினைந்துன்னு போடுங்க, பாதியாவது வரும்" என்று யோசனை சொன்னார். இந்த யோசனை எல்லா வீட்டிலும் வரும். பிடிபட்டவன் ஏழரை என்று சொல்லி, நீங்கள் பதினைந்து என்று சொன்னால், மீதி எங்கே என்று அவனையும் கேட்பார்கள், உங்களையும் கேட்பார்கள். குறுக்கு விசாரணையில் அது உங்கள் ஒவ்வொரு சொல்லையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும்.

உள்ளதை நிரூபிப்பதே கஷ்டமாக இருந்தது. வாங்கிய பில் எதுவும் இல்லை. கடைசியில் கைகொடுத்தது மாமாவின் பழைய டிரங்குப் பெட்டியில் கிடந்த அடகு ரசீதுகள். மகன் படிப்புக்காக மூன்று முறை அடகு வைத்து மீட்டவை. ஒவ்வொன்றிலும் நகை இன்னது, எடை இவ்வளவு என்று எழுதியிருந்தது. வறுமையின் கணக்கு இப்படியும் உதவும். கூடவே அந்த வாரக் கல்யாண போட்டோக்களில் வளையலும் ஆரமும் தெளிவாகத் தெரிந்தன.

கேமரா பதிவுக்கு வேறு பிரச்சினை. அந்தக் கேமராவின் கடிகாரம் ஆறு நிமிடம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. மேலே நான் கொடுத்த நேரங்கள் அதைக் கழித்துப் போட்டவை. 112 அழைப்பின் நேரத்தோடு ஒப்பிட்டதில்தான் அது தெரிந்தது, அதையும் எழுத்தில் சேர்த்தோம். அப்புறம் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63-வது பிரிவின்படி பதிவுக்கு ஒரு சான்றிதழ் வேண்டும், பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவின் வாரிசு. எதிர்வீட்டுக்காரர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, "கோர்ட்டுக்கு அலையணுமா தம்பி?" என்றார். ஒரு நாள் வர வேண்டியிருக்கும் என்று உண்மையைச் சொன்னேன். மகன் புருவத்துத் தையலைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"அடிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

இதை மாமா என்னிடம் குறைந்தது பத்து முறை கேட்டிருக்கிறார். சட்டம் அவர் பக்கம்தான். இரவில் வீடு உடைத்துப் புகுந்தவனுக்கு எதிரான தற்காப்பு உரிமை, நியாய சன்ஹிதாவின் 41-வது பிரிவின்படி, உயிரிழப்புவரைகூட நீளும். ஆனால் தேவைக்கு மீறித் தீங்கு செய்யக் கூடாது என்கிற 37-வது பிரிவு கூடவே ஒட்டிக்கொண்டு வரும். வீடு உடைத்ததற்கு எதிரான அந்தப் பெரிய உரிமை, அவன் வீட்டுக்குள் இருக்கும்வரைதான். சுவரைத் தாண்டிப் போனவனை முள்காட்டில் துரத்திப் பிடித்துக் கம்பத்தில் கட்டி வைத்து அடித்தால், அதற்கு அந்தப் பிரிவு துணைக்கு வராது. கண் முன்னால் இப்படிப்பட்ட குற்றம் செய்பவனைப் பொதுமக்களே பிடிக்கலாம், ஆனால் தாமதிக்காமல், ஆறு மணி நேரத்துக்குள், போலீசிடம் ஒப்படைக்க வேண்டும்.

இதையெல்லாம் விளக்கமாகச் சொன்னேன். மாமா கேட்டுவிட்டு, "அப்போ நான் பூட்டியிருக்கலாம்" என்றார். பூட்டியிருக்கலாம் மாமா, சட்டப்படி. உங்களுக்கு வயது அறுபத்து மூன்று, அவனுக்கு முப்பது இருக்கும், கையில் கடப்பாறை. நல்லவேளை அக்கா சட்டம் படிக்கவில்லை.

திரும்பி வந்தவை

நான்கு மாதம் எந்தத் தகவலும் இல்லை. அப்புறம் பக்கத்து மாவட்டத்தில் வாகனச் சோதனையில் மாட்டிய ஒருவனின் ரேகை லாக்கர் விளிம்பு ரேகையோடு பொருந்தியது. அவன் சொன்னதை வைத்து இரண்டாமவன், அவனை வைத்து நகை வாங்கியவர். ஐந்து சவரன் கிடைத்தது. அதில் இரண்டு சவரன் உருக்கிய கட்டி. கட்டியைக் காட்டி 'இது என் ஆரம்' என்று யாராலும் அடையாளம் சொல்ல முடியாது. ஆரம் அப்படித்தான் போயிற்று. கட்டி இன்னும் கோர்ட் வசம். உருவத்தோடு வந்தது மூன்று சவரன், வளையல் ஒரு ஜோடி.

மீட்ட நகையை வழக்கு முடியும்வரை காத்திருந்துதான் வாங்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வேண்டியதில்லை. படமெடுத்து, எடை குறித்து, பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு உரியவரிடம் சீக்கிரம் கொடுத்துவிட வேண்டும் என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனுப் போட்டோம். அடகு ரசீதின் எடையும் வளையலின் எடையும் ஒத்துப்போயின. கல்யாண போட்டோவையும் வைத்தோம். ஐந்து வாரத்தில் உத்தரவு வந்தது. நிபந்தனைகள் வழக்கமானவை: விற்கக் கூடாது, அடகு வைக்கக் கூடாது, உருமாற்றக் கூடாது, கேட்கும்போது ஆஜர்படுத்த வேண்டும்.

வீட்டில் நாதாங்கியை மாற்றினார்கள், இப்போது பூட்டு கேட்டின் உள்பக்கம். சிட்அவுட் விளக்குக்கு ஸ்விட்ச் வீட்டுக்குள் போய்விட்டது. மகன் கேமரா வாங்கி அனுப்பினான், மாமா அதன் கடிகாரத்தை வாரம் ஒரு முறை சரிபார்க்கிறார். பீரோவின் லாக்கர் கீலை எண்ணெய் போட்டுச் சரி செய்யட்டுமா என்று கேட்டதற்கு அக்கா வேண்டாம் என்றுவிட்டாள்.

வளையலில் ஒன்று சுவர் ஏறும்போது நசுங்கியிருக்க வேண்டும், முட்டை மாதிரி நீண்டுபோயிருந்தது. பத்தரிடம் கொடுத்து வட்டமாக்க அக்காவுக்கு ஆசை. உருமாற்றக் கூடாது என்று கோர்ட் சொல்லியிருக்கிறதே என்றேன். "எத்தனை நாளைக்கு?" என்றாள். வழக்கு முடியும்வரை என்றேன். அடுத்த அஷ்டமிக்கு அதைச் சோப்பு போட்டு நெரித்து மாட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். மாமா வீட்டில் இருந்தார்.